புரத மைக்ரோஅரேயில் ஒளி சரியாக வரவில்லையா: அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

“அரே வேலை செய்யவில்லை” என்று யாராவது வந்து நின்றால் முதலில் கேட்டு வாங்க வேண்டியது படத்தை, எக்செல் தாளை அல்ல. எண்ணாக மாறிய பிறகு தூசியும் ஆன்டிபாடியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். படத்தில் தூசி தூசியாகவே தெரியும்.

இங்கே சொல்வதெல்லாம் பரவலாகப் புழங்கும் ஓர் அமைப்பை மனதில் வைத்து. 75 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம் உள்ள கண்ணாடி ஸ்லைடு. அதன் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. அந்தப் பூச்சில் ஒரு நோய்க்கிருமியின் புரதங்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாக அச்சிடப்பட்டிருக்கும். சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிந்த நீர்) 1:100 அளவில் நீர்த்து ஊற்றுகிறோம். அதிலுள்ள ஆன்டிபாடிகள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள்) தமக்குரிய புரதத்தில், அதாவது ஆன்டிஜனில், போய் ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு, மனித ஆன்டிபாடி வகைகளான ஐஜிஜியையோ ஐஜிஏவையோ பிடிக்கும் செகண்டரி ஆன்டிபாடியை ஊற்றுகிறோம். ஒளிரும் பொருள் இந்தச் செகண்டரியில்தான் இருக்கிறது. அது சை3, சை5, அலெக்சா 647 போன்ற சாயமாக இருக்கலாம், குவாண்டம் டாட் என்னும் ஒளிரும் நானோ படிகமாகவும் இருக்கலாம். மறுபடி கழுவி, உலர்த்தி, படம் எடுக்கிறோம்.

சாயம், பூச்சு, படக்கருவி மூன்றையும் சேர்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். ஸ்லைடை ஒருவர், செகண்டரியை இன்னொருவர், ஸ்கேனரை வேறொரு துறை என்று பிரித்து வாங்கும் இடங்களில், கீழே வரும் தொல்லைகளில் பாதி வாங்கும்போதே உள்ளே வந்துவிடுகிறது.

முதலில் கன்ட்ரோல் புள்ளிகள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைப் பார்த்துவிட்டுக் கீழே போங்கள். 16 பிட் டிஃப் கோப்பைத் திறந்து, தானாக வெளிச்சம் கூட்டும் வசதியை நிறுத்துங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் ஒன்றுமில்லாத ஸ்லைடும் தீபாவளி மாதிரி மின்னும். ஜேபெக்கில் யாராவது அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஜேபெக் கோப்பு நிறப்புள்ளிகளின் (பிக்சல்களின்) அளவுகளைச் சுருக்கிக் கலைத்துவிடும், அதை வைத்து அளக்க முடியாது.

அப்புறம் மூன்று வகைப் புள்ளிகளைத் தேடுங்கள். ஒன்று, சாயத்தை நேரடியாகவே சேர்த்து அச்சிட்ட வழிகாட்டிப் புள்ளிகள். இரண்டு, சுத்தமான மனித ஐஜிஜியைப் படிப்படியாக நீர்த்து அச்சிட்ட வரிசை. மூன்று, மனித ஐஜிஜியைப் பிடிக்கும் ஆன்டிபாடியை அச்சிட்ட புள்ளி.

வழிகாட்டியே தெரியவில்லை என்றால் கோளாறு படக்கருவியில். சீரத்தைத் திட்ட வேண்டாம். வழிகாட்டி தெரிகிறது, ஐஜிஜி வரிசை இருட்டு என்றால் செகண்டரி சரியில்லை, அல்லது அதை ஊற்றிய படியில் ஏதோ தவறு. ஐஜிஜி வரிசை ஒளிர்கிறது, ஐஜிஜியைப் பிடிக்கும் புள்ளி மட்டும் இருட்டு என்றால் சீரம் ஸ்லைடைத் தொடவே இல்லை. அது ஊற்ற மறந்துபோன கிணறாக (ஸ்லைடின் மேல் சட்டம் பிரிக்கும் சின்ன அறை) இருக்கலாம், நடுவில் நின்றுவிட்ட காற்றுக் குமிழியாக இருக்கலாம். மூன்றும் ஒளிர்ந்து, ஆன்டிஜன் புள்ளிகள் மட்டும் இருட்டாக இருந்தால், அந்த நபரிடம் அந்த ஆன்டிபாடி இல்லை என்று சொல்லும் தகுதி உங்களுக்கு வருகிறது. அப்போதும் புரதம் அச்சானதா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். புரதத்தின் முனையில் ஹிஸ் டேக், எச்ஏ டேக் போன்ற அடையாளத் துண்டு வைத்திருந்தால் அவற்றைப் பிடிக்கும் ஆன்டிபாடியை வேறொரு ஸ்லைடில் ஊற்றினால் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வழிகாட்டிப் புள்ளியில் உள்ள சாயமும் செகண்டரியில் உள்ள சாயமும் ஒரே சேனலில் (ஒரு நிறத்துக்கென்று கருவி எடுக்கும் படத்தில்) தெரிபவையாக இருக்க வேண்டும். பச்சைச் சேனலில் வழிகாட்டி பளிச்சென்று தெரிவதைப் பார்த்துவிட்டு, சிவப்புச் சேனல் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அறிகுறி: படம் முழுக்க இருட்டு

ஸ்லைடு தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். ஜீன்பிக்ஸ் 4000பி போன்ற லேசர் ஸ்கேனர்களில் அச்சிட்ட முகம் கீழே பார்க்க வேண்டும். வேறு சில கருவிகளில் மேலே. தலைகீழாக வைத்தால் குவியம் கண்ணாடியின் தடிமன் அளவுக்குத் தள்ளிப்போகும். படம் முழு இருட்டாகவோ, பனிமூட்டத்தில் எடுத்தது போலவோ வரும்.

அடுத்தது சாயமும் கருவியும் பொருந்துகின்றனவா என்ற கேள்வி. பழைய டிஎன்ஏ அரே ஸ்கேனர்கள் பெரும்பாலும் 532, 635 நானோமீட்டர் லேசர்களோடு வந்தவை. சை3, சை5 இரண்டையும் மனதில் வைத்துச் செய்தவை. சை3 ஏறத்தாழ 550இல் ஒளியை உறிஞ்சி 570இல் உமிழும். சை5, அலெக்சா 647 இரண்டும் 650 பக்கம் உறிஞ்சி 670 பக்கம் உமிழும். இந்த ஸ்கேனரில் குவாண்டம் டாட் 800 போட்ட ஸ்லைடை வைத்தால் ஒன்றும் வராது. குவாண்டம் டாட் ஊதா, நீல ஒளியை அள்ளிக் குடிக்கும். அலைநீளம் கூடக் கூட அதன் உறிஞ்சல் சரிந்துகொண்டே போகும். 635 லேசர் அதைக் கொஞ்சம் கிளப்பினாலும், 800இல் வரும் ஒளியை 670க்காக வைத்த ஃபில்டர் தடுத்துவிடும். செகண்டரியும் நல்லது, ஸ்கேனரும் நல்லது. இரண்டும் சேர்ந்தால் இருட்டு. குவாண்டம் டாட்டுக்கு ஊதா அல்லது நீல எல்இடியும், உமிழ்வுக்கேற்ற ஃபில்டரும், கேமராவும் கொண்ட கருவி வேண்டும். ஒடிசி மாதிரி 700, 800 சேனல் உள்ள அகச்சிவப்புக் கருவிக்கு ஐஆர்டை 800 வகைச் சாயம் பொருந்தும். “800 என்றால் 800தானே” என்று அதில் குவாண்டம் டாட் 800ஐ வைப்பவர்கள் உண்டு. அந்தக் கருவி 785 பக்கம் ஒளியூட்டுகிறது. அங்கே குவாண்டம் டாட் உறிஞ்சுவது மிகக் குறைவு.

கருவியும் சாயமும் பொருந்துகின்றன, ஆனாலும் இருட்டு என்றால் செகண்டரியைச் சந்தேகியுங்கள். குவாண்டம் டாட் இணைத்த ஆன்டிபாடி உறைந்தால் கெட்டது. 4 டிகிரியில்தான் வைக்க வேண்டும். யாரோ நல்லெண்ணத்தில் மைனஸ் 20இல் வைத்திருப்பார்கள். உருகிய பிறகு பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஊற்றினால் ஸ்லைடு முழுக்கத் திட்டுத் திட்டாக இருக்கும். சாயம் இணைத்தவை வெளிச்சத்தில் மங்கும். குழாயைத் திறந்த நிலையில் மேசை மேல் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க விட்டுவைத்தால், அதன் பலன் படத்தில் தெரியும்.

அறிகுறி: பின்னணி முழுக்க ஒளிர்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். காரணம் ஐந்தாறு இருக்கலாம், படத்தில் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும்.

முதலில் எதையும் ஊற்றாத புது ஸ்லைடு ஒன்றை, உங்கள் வழக்கமான அமைப்பிலேயே ஸ்கேன் செய்யுங்கள். நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே ஒளிரும் பொருள். நீல, பச்சை ஒளியில் அதிகம், சிவப்பில் குறைவு, அகச்சிவப்பை நெருங்க நெருங்க இன்னும் குறைவு. புது ஸ்லைடிலேயே பச்சைச் சேனலில் 8,000 காட்டுகிறது என்று வையுங்கள். நல்ல புள்ளி 9,500 காட்டினால் உங்கள் கையில் நிற்பது 1,500தான். எவ்வளவு கழுவினாலும் அந்த 8,000 போகாது. அது பூச்சின் சொந்த ஒளி. 2001இல் பிரையன் ஹாப், மைத்ரேயா டன்ஹம், பேட்ரிக் பிரவுன் மூவரும் 115 ஆன்டிபாடி-ஆன்டிஜன் இணைகளைச் சை3, சை5 இரண்டாலும் அளந்து காட்டியபோது, பாலிலைசின் பூசிய வெறும் கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். அங்கே பச்சை பெரிய தொந்தரவில்லை. புரதத்தை நிறையத் தாங்கும் என்பதற்காக நைட்ரோசெல்லுலோஸுக்கு மாறும்போது, சாயத்தையும் சிவப்புப் பக்கம் நகர்த்தித்தான் ஆக வேண்டும். இர்வைனில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஃபெல்க்னர் குழு, 67 ஆன்டிஜன்கள் கொண்ட கொரோனா வைரஸ் அரேயைக் குவாண்டம் டாட் செகண்டரியோடு பயன்படுத்தியது. குவாண்டம் டாட்டில் உள்ள வசதி என்னவென்றால், ஒளியூட்டுவது ஊதாவில் என்றாலும் பார்ப்பது 800இல். இரண்டுக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருப்பதால் பூச்சின் சொந்த ஒளியில் பெரும்பகுதியை ஃபில்டர் வெட்டிவிடுகிறது.

புது ஸ்லைடு இருட்டாகத்தான் இருக்கிறது, வேலை முடிந்த ஸ்லைடு மட்டும் ஒளிர்கிறது என்றால் கைவேலையைப் பார்க்க வேண்டும். சீரம் ஊற்றாமல், செகண்டரி மட்டும் ஊற்றிய ஒரு ஸ்லைடு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒளிர்ந்தால் செகண்டரி அளவு அதிகம், அல்லது அதில் கட்டி சேர்ந்திருக்கிறது. பாதியாக, கால்வாசியாகக் குறைத்துப் பாருங்கள். ஊற்றுமுன் மைக்ரோஃபியூஜில் (சின்னக் குழாய்களை வேகமாகச் சுழற்றும் கருவி) சில நிமிடம் சுற்றி, மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். செகண்டரி ஸ்லைடு இருட்டு, சீரம் ஊற்றியது மட்டும் ஒளிர்கிறது என்றால் பிளாக்கிங் (வெறும் பூச்சில் எதுவும் ஒட்டாதபடி முதலிலேயே வேறு புரதத்தால் மூடுவது) போதவில்லை, அல்லது சீரம் அழுக்கு. கொழுப்பு மிதக்கும் சீரம், பலமுறை உறைந்து உருகிய சீரம், இரத்தச் சிவப்பணு உடைந்த சீரம் மூன்றும் பூச்சில் ஒட்டும். சுற்றித் தெளிய வைத்த பிறகே நீர்க்க வேண்டும்.

பின்னணி சீராக இல்லாமல், ஓரங்களில் கடல் வரைபடம் மாதிரி வளைவு வளைவாக இருந்தால் நடுவில் எங்கோ ஸ்லைடு உலர்ந்திருக்கிறது. நைட்ரோசெல்லுலோஸ் ஈரமாக இருக்கும்போது பாதி ஊடுருவித் தெரியும், உலர்ந்தால் சுண்ணாம்பு வெள்ளை. பிளாக்கிங் ஊற்றியதிலிருந்து கடைசிக் கழுவல் வரை எந்த நொடியும் வெள்ளையாக மாறக் கூடாது. ஒரு மூலை மட்டும் வெளுப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெளுத்த இடத்தில் புரதம் பூச்சோடு இறுகிவிடும், பிறகு கழுவி எடுக்க முடியாது. ஏசி நேரே வீசும் மேசையில் கிணற்றுச் சட்டத்தை மூடாமல் வைத்தால் நடப்பது இதுதான்.

கடைசிக் கழுவலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ட்வீன் என்னும் சோப்பு போன்ற பொருள் கலந்த திரவத்தோடு நிறுத்தி உலர்த்தினால் ட்வீனும் உப்பும் மேலே படிந்து நிற்கும். உப்புப் படிகம் ஒளியைச் சிதறடிக்கும். ட்வீன் இல்லாத திரவத்தில் ஒரு முறை, சுத்தமான தண்ணீரில் சட்டென்று ஒரு முறை முக்கி எடுத்துவிட்டு, 500 ஜி வேகத்தில் ஐந்து நிமிடம் சுற்றி உலர்த்துங்கள். டிஷ்யூ வைத்து ஒற்ற வேண்டாம்.

பவுடர் தடவிய கையுறை, மார்க்கர் பேனா இரண்டும் அரே மேசைக்கே வரக் கூடாது. மார்க்கர் மை கரைந்து ஸ்லைடு முழுக்கப் பரவி அழகாக ஒளிரும். ஸ்லைடின் மங்கலான முனையில் பென்சிலால் எழுதினால் போதும்.

அறிகுறி: எல்லாப் புள்ளிகளும் ஒளிர்கின்றன, ஆன்டிஜன் இல்லாத புள்ளியும்கூட

பின்னணி இருட்டாக இருக்கிறது, புள்ளிகள் மட்டும் எல்லாம் ஒன்றுபோலப் பிரகாசிக்கின்றன. பார்க்க வெற்றி மாதிரி இருக்கும். புரதம் தயாரிக்கும் கலவையை, அந்தப் புரதத்துக்கான டிஎன்ஏ மட்டும் சேர்க்காமல், அச்சிட்ட புள்ளியைப் பாருங்கள். அதுவும் அதே அளவு ஒளிர்ந்தால் நீங்கள் அளப்பது ஈ.கோலை பாக்டீரியாவை.

ஈ.கோலைச் சாற்றில் தயாரித்த புரதத்தைச் சுத்திகரிக்காமல் அப்படியே அச்சிடும் அரேக்களில் ஒவ்வொரு புள்ளியிலும் ஈ.கோலையின் சொந்தப் புரதங்கள் நிறைய இருக்கும். நம் எல்லோர் குடலிலும் ஈ.கோலை உண்டு, அதற்கு எதிரான ஆன்டிபாடியும் உண்டு. ஆகவே சீரத்தை ஈ.கோலைச் சாறு கலந்த பிளாக்கிங் திரவத்தில் நீர்த்து, அரை மணி நேரமாவது வைத்திருந்து, பிறகே ஸ்லைடில் ஊற்ற வேண்டும். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவு வழக்கம். இந்த ஒரு படியைத் தவறவிட்ட அரேயை எந்தப் புள்ளியியலாலும் மீட்க முடியாது என்பது என் கருத்து. டிஎன்ஏ இல்லாத புள்ளியின் எண்ணைக் கழித்துவிடலாமே என்பார்கள். கழிக்கலாம். 20,000இலிருந்து 19,000ஐக் கழித்து வரும் ஆயிரத்தை நீங்கள் நம்புவீர்களா?

பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் வழியில் (செகண்டரியில் பயோட்டின், அதை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடினில் சாயம்) ஒளியைப் பெருக்குபவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஈ.கோலையிலேயே பயோட்டின் ஏறிய புரதம் ஒன்று உண்டு. ஸ்ட்ரெப்டாவிடின் அதை நேராகப் பிடித்துக்கொள்ளும், சீரமே வேண்டியதில்லை. பால் பவுடரில் பிளாக் செய்தால் பாலில் உள்ள பயோட்டின் வேறு குறுக்கே வரும். அது ஸ்ட்ரெப்டாவிடினை அடைத்துச் சிக்னலைக் குறைக்கவும் செய்யும். சீரமும் செகண்டரியும் இல்லாமல் ஸ்ட்ரெப்டாவிடின் மட்டும் ஊற்றிய ஸ்லைடு இதைக் காட்டிக்கொடுக்கும். அது ஒளிர்ந்தால், சாயத்தை நேரடியாகக் கட்டிய செகண்டரிக்கு மாறிவிடுங்கள். கொஞ்சம் ஒளி குறையும், நிம்மதி கூடும்.

அறிகுறி: வலுவான சீரங்கள் எல்லாம் ஒரே எண்ணைக் காட்டுகின்றன

16 பிட் படத்தில் ஒரு நிறப்புள்ளி எட்டக்கூடிய உச்சம் 65,535. அதற்கு மேல் எவ்வளவு ஒளி வந்தாலும் அதே எண்தான். தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் எடுத்த சீரங்கள் இரண்டும் 65,000 பக்கம் நின்றால் தடுப்பூசி வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. ஸ்கேனர் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். சராசரி எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். புள்ளியின் நடு நிரம்பி ஓரம் நிரம்பாமல் இருந்தால் சராசரி 50,000 என்று பார்க்க யோக்கியமாகவே இருக்கும். நிரம்பிய நிறப்புள்ளிகளின் விழுக்காட்டைக் காட்டும் நெடுவரிசையை மென்பொருள் தருகிறது. அதை யாரும் திறப்பதில்லை.

ஸ்கேனரின் ஒளிபெருக்கிக் குழாயின் கெயினை (பெருக்கும் அளவை) குறைத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். வோல்டேஜைப் பாதியாக்கினால் எண் பாதியாகாது. அந்த உறவு நேர்கோடு அல்ல. ஆகவே வெவ்வேறு கெயினில் எடுத்த எண்களை நேராக ஒப்பிடக் கூடாது, ஐஜிஜி வரிசையை நடுவில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். கேமராக் கருவிகளில் இந்தத் தொல்லை குறைவு. எக்ஸ்போஷர் நேரத்தை இரட்டித்தால் எண்ணும் ஏறத்தாழ இரட்டிக்கும், நிரம்பும் வரை. குறைந்த, நடுத்தர, அதிக எக்ஸ்போஷர் என்று மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கெயினைக் குறைத்தும் வலுவான சீரங்கள் ஒரே மட்டத்தில் நின்றால், நிரம்பியது ஸ்கேனர் அல்ல, புள்ளி. அதில் உள்ள ஆன்டிஜன் எல்லாம் பிடிபட்டுவிட்டது. சீரத்தை இன்னும் நீர்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. செகண்டரியை நீங்களே சாயமேற்றினால், ஒரு ஆன்டிபாடியில் சாய மூலக்கூறுகளைக் கூட்டக் கூட்ட ஒளி கூடும் என்று தோன்றும். ஒரு கட்டத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்துச் சாயங்கள் ஒன்றின் ஒளியை ஒன்று விழுங்கத் தொடங்கும். சை5இல் இது மிக மோசம். ஒரு ஐஜிஜிக்கு 3 முதல் 7 சாயம் என்ற வரம்புக்குள் நில்லுங்கள். 280 நானோமீட்டரிலும் (புரதம்) 650இலும் (சாயம்) உறிஞ்சலை அளந்தால் விகிதம் கிடைத்துவிடும். சாயமும் 280இல் கொஞ்சம் உறிஞ்சும் என்பதால் அதைக் கழிக்க மறக்க வேண்டாம்.

அறிகுறி: புள்ளியின் வடிவம் சரியில்லை

ஒரு புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். 150 மைக்ரோமீட்டர் புள்ளியை 10 மைக்ரோமீட்டர் துல்லியத்தில் எடுத்தால் குறுக்கே 15 நிறப்புள்ளிகள், மொத்தம் 170க்கு மேல் இருக்கும். 21 மைக்ரோமீட்டரில் எடுத்தால் குறுக்கே ஏழுதான், மொத்தம் 40 பக்கம். நாற்பதை வைத்து வடிவம் பேசுவது கஷ்டம். ஒரு தூசி விழுந்தாலே சராசரி ஆடும். சராசரிக்குப் பதில் இடைநிலை எண்ணை எடுப்பது அதனால்தான்.

நடு வெறிச்சோடி, விளிம்பு மட்டும் ஒளிரும் உளுந்துவடை வடிவம் அச்சிடும்போது வருவது. துளி விளிம்பில் வேகமாக உலர, புரதம் அங்கே போய்ச் சேருகிறது. அச்சிடும் பெட்டிக்குள் ஈரப்பதத்தை 50 முதல் 60 விழுக்காட்டில் வையுங்கள், அச்சுத் திரவத்தில் கொஞ்சம் கிளிசரால் சேருங்கள். கையில் இருக்கும் ஸ்லைடுக்கு இது உதவாது. அதற்கு, வட்டம் முழுதையும் அளவில் சேர்த்து, எல்லா ஸ்லைடையும் ஒரே மாதிரி அளந்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

வால் நட்சத்திரம் மாதிரி புள்ளிகளுக்கு ஒரே திசையில் வால் இருந்தால், பிளாக்கிங் திரவம் மெதுவாகப் பரவியிருக்கிறது. ஒட்டாத புரதம் கரைந்து பக்கத்தில் போய்ப் படிந்துவிட்டது. முதல் திரவத்தை ஒரே மூச்சில், எல்லா இடமும் ஒன்றாக நனையும்படி ஊற்ற வேண்டும். வால் பக்கத்துப் புள்ளியைத் தொட்டுவிட்டால் அந்தப் பக்கத்துப் புள்ளியையும் தள்ளுபடி செய்யுங்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் பிரகாசம், மறுபக்கம் மங்கல்

ஸ்லைடைக் கவிழ்க்காமல், இடவலமாக அரைச்சுற்றுத் திருப்பி வைத்து மறுபடி எடுங்கள். மங்கல் ஸ்லைடோடு சேர்ந்து திரும்பினால் கோளாறு ஸ்லைடில்: சாய்வான மேசை, ஆடாத ராக்கர், குமிழி, கசியும் கேஸ்கெட். மங்கல் அதே இடத்தில் நின்றால் கோளாறு கருவியில். லேசர் ஸ்கேனர் என்றால் ஸ்லைடு தட்டில் சரியாக உட்கார்ந்திருக்காது, பின்பக்கம் ஒட்டிய பசைத் துணுக்கே போதும் குவியம் சாய்வதற்கு. கேமரா என்றால் நடுவில் ஒளி அதிகம், மூலையில் குறைவு என்பது லென்ஸின் இயல்பு. சீராக ஒளிரும் ஒரு ஸ்லைடை வைத்து எடுத்த படத்தால் வகுத்துச் சரிசெய்ய வேண்டும். பல மென்பொருளில் இது இருக்கிறது, ஆனால் அணைந்து கிடக்கும்.

ஸ்லைடோடு திரும்புகிறது, சை5 சேனலில் மட்டும் ஓரங்கள் மங்குகின்றன, சை3 நன்றாகவே இருக்கிறது என்றால் காற்றைச் சந்தேகியுங்கள். ஓசோன் சை5ஐத் தின்றுவிடும். டிஎன்ஏ அரே நாட்களிலேயே, 2003இல், இது அளந்து காட்டப்பட்டது: காற்றில் நூறு கோடியில் 5 முதல் 10 பங்கு ஓசோன், அதுவும் 10 முதல் 30 நொடி பட்டாலே பாதிப்பு. சை3 அதைவிடப் பல மடங்கு தாங்கும். வெயில் ஏறிய மதியத்தில் தரைமட்ட ஓசோன் கூடும். காலையில் உலர்த்திய ஸ்லைடு நன்றாக இருந்து மதியம் உலர்த்தியது மங்கினால், காரணம் மாதிரியில் இல்லாமல் நேரத்தில் இருக்கலாம். ஸ்லைடு ஈரமாக இருக்கும் வரை கவலை குறைவு; உலரும் நேரமும் அதற்குப் பிறகும்தான் ஆபத்து. உலர்ந்ததும் உடனே ஸ்கேன் செய்யுங்கள், கரி ஃபில்டர் போட்ட பெட்டிக்குள் உலர்த்துங்கள், அறையில் அயனி வீசும் காற்றுச் சுத்திகரிப்பான் இருந்தால் வெளியே எடுங்கள். சாயத்தை மாற்ற முடிந்தால் அலெக்சா 647 சை5ஐவிடக் கொஞ்சம் அதிகம் தாங்கும்.

அறிகுறி: ஐஜிஜி படமும் ஐஜிஏ படமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கின்றன

இரு நிறத்தில் இரண்டு வகை ஆன்டிபாடியை ஒரே ஸ்லைடில் அளக்கும்போது வரும் சந்தேகம். ஐஜிஜி செகண்டரி மட்டும் ஊற்றிய ஸ்லைடை இரண்டு சேனலிலும் எடுங்கள். ஐஜிஏ சேனலிலும் ஏதாவது தெரிந்தால் ஒளி ஒழுகுகிறது. எத்தனை விழுக்காடு என்று அளந்து கழித்துவிடலாம். 585, 800 போல உமிழ்வு எட்டி நிற்கும் குவாண்டம் டாட் இணைகளில் ஒழுகல் மிகக் குறைவு. 585, 655 போல நெருங்கி நிற்கும் இணைகளில் கவனம் வேண்டும்.

ஒளி ஒழுகவில்லை, ஆனாலும் படங்கள் ஒன்றாக இருந்தால் செகண்டரியைப் பாருங்கள். ஆன்டிபாடி என்பது கனச் சங்கிலி, இலகு சங்கிலி என்ற இரு வகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மூன்றுக்கும் இலகு சங்கிலி பொதுவானது. “மனித ஐஜிஜிக்கு எதிரானது” என்று மட்டும் எழுதிய குப்பி அந்த இலகு சங்கிலியைப் பிடித்து மூன்றையும் காட்டும். காமா, ஆல்ஃபா, மியூ என்று கனச் சங்கிலியைக் குறித்து விற்பதை வாங்க வேண்டும். சுத்தமான ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மூன்றையும் அரேயிலேயே அச்சிட்டு வைத்தால் ஒவ்வொரு ஸ்லைடும் தானே சாட்சி சொல்லும்.

ஐஜிஎம்மில் இன்னொன்று. முடக்குவாதக் காரணி உள்ளவர்களின் ஐஜிஎம் ஐஜிஜியின் வாலையே பிடிக்கும். ஆன்டிஜனில் ஐஜிஜி ஒட்டியிருக்கும் இடமெல்லாம் இந்த ஐஜிஎம்மும் போய் ஒட்டிப் புதுத் தொற்று மாதிரி காட்டும். அச்சிட்ட ஐஜிஜி வரிசை ஐஜிஎம் சேனலில் ஒளிர்ந்தால் அந்தச் சீரத்தின் ஐஜிஎம் முடிவைத் தள்ளி வையுங்கள். ஐஜிஜியை உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி செய்யலாம்.

அறிகுறி: கழித்த பிறகு எண் மைனஸில் வருகிறது

புள்ளி சுற்றியுள்ள இடத்தைவிட இருட்டாக இருக்கிறது. புரதம் உட்கார்ந்த இடத்தில் செகண்டரி ஒட்டவில்லை, வெறும் பூச்சில் ஒட்டியிருக்கிறது. பிளாக்கிங்கைச் சரிசெய்வதுதான் மருந்து. இருக்கும் ஸ்லைடுக்கு, சுற்றுப்புறத்தைக் கழிப்பதற்குப் பதில் வெறும் அச்சுத் திரவம் இட்ட புள்ளிகளின் எண்ணைக் கழியுங்கள். மைனஸ் எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு லாக் எடுக்க வேண்டாம். மைனஸையும் தாங்கும் விஎஸ்என் போன்ற கணித மாற்றம் இருக்கிறது.

அறிகுறி: நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் சேரவில்லை

இதே ஸ்லைடை நேற்றும் இன்றும் எடுத்ததா, வேறு ஸ்லைடா என்று முதலில் தெளிவாக்குங்கள். ஒரே ஸ்லைடு என்றால், சாயம் ஒவ்வொரு ஸ்கேனிலும் கொஞ்சம் மங்கும், அதனால் முதல் ஸ்கேனே கணக்கு. குவாண்டம் டாட்டில் இந்த மங்கல் மிகக் குறைவு, மறுபடி எடுக்கத் தயங்க வேண்டாம். வேறு ஸ்லைடு என்றால் அச்சிட்ட தொகுதி, செகண்டரியின் லாட், ஸ்கேனர் கெயின், லேசர் சூடான நேரம் நான்கையும் பாருங்கள். எல்லா நோயாளிகளையும் திங்களன்றும் எல்லா ஆரோக்கியமானவர்களையும் செவ்வாயன்றும் ஓட்டியிருந்தால், கிடைத்த வித்தியாசம் நோயுடையதா கிழமையுடையதா என்று யாராலும் பிரிக்க முடியாது. இரு பக்கத்தையும் கலந்து ஓட்டுங்கள், ஒவ்வொரு நாளும் ஒரே பொதுச் சீரம் ஒன்றை வையுங்கள். அந்தப் பொதுச் சீரத்தைச் சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வைத்து, ஒரு நாளுக்கு ஒரு குழாய் என்று உருக்குங்கள். ஸ்கேன் செய்த கெயின், எக்ஸ்போஷர் இரண்டையும் கோப்புப் பெயரிலேயே எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது யாரையும் கேட்க வேண்டியிருக்காது.